அங்கீகரிக்கப்பட்ட பாரம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாது. அந்தச் சக்கரத்துக்கும் அதன்மேல் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் நடுவில் ஒரு குழுவை அமைக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் யாரென்று மட்டும் நன்றாகத் தெரியும். சுகாதார வாரியத்தார்தான். குழுவின் பெயர் ‘அதிர்வு ஒழிப்பு உயர்மட்டக் குழு’. உறுப்பினர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் மனித குலத்துக்குச் செய்த தொண்டை உள்ளது உள்ளபடி சொல்வதற்காகவே இந்தக் கதை. படிக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும்.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு இருந்தது. நூற்றிருபது வீடுகள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கப் பதினான்கு கிலோமீட்டர் பாதை. ‘பாதை’ என்பது மரியாதைக்காகச் சொல்வது. மழைத் தண்ணீர் ஓடின தடத்தில் மனிதர்களும் போய்க்கொள்ளலாம் என்று மலை பெரிய மனசு பண்ணி விட்டிருந்தது, அவ்வளவுதான். வாரியத்திடம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டிரக் ஒன்று இருந்தது. பின்னால் கூண்டு கட்டி, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, நடுவில் ஸ்ட்ரெச்சர் வைத்து, வெளியே ‘நடமாடும் மருத்துவமனை’ என்று எழுதியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அது மேலே போய்வரும். வேறெந்த வண்டியும் முதல் வளைவைத் தாண்டாது.

பாதையைச் சரிசெய்து கொடுங்கள் என்று மேலே இருப்பவர்கள் பதினோரு வருஷமாக மனுக் கொடுத்தார்கள். வாரியமும் பதினோரு வருஷமாகச் சளைக்காமல் பரிசீலித்தது. மனு எழுத ஒரு பேனா போதும். பரிசீலிக்க எத்தனை நாற்காலி வேண்டும் என்பது மனுக் கொடுப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? கடைசியில் ஒரு நாள் தலைவருக்குப் பொறி தட்டியது.

“பாதைங்கிறது ஒரே இடத்துல கிடக்கிற பொருள்,” என்றார் அவர், மேஜையைத் தடவியபடி. “அதைச் சரி பண்ணினா அந்த இடத்துக்கு மட்டும்தான் லாபம். வண்டி அப்படியில்ல. வண்டியைச் சரி பண்ணிட்டா அது போற இடமெல்லாம் நல்ல பாதைதான்.”

மற்ற எட்டு உறுப்பினர்களும் வாயடைத்துப் போனார்கள். பிறகு வாயைத் திறந்து தேநீர் குடித்தார்கள். பாதை சம்பந்தமான கோப்பு ‘தாற்காலிகமாக’ ஓரங்கட்டப்பட்டது. வண்டிக்குப் புதிய பட்டைகளும் புதிய ஷாக் அப்சார்பர்களும் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இருப்பார்கள். வளைத்த எஃகுத் தகடுகளை, நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கி, சக்கரங்களைத் தாங்கும் அச்சோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது இந்த அடுக்கு வளைந்து கொடுக்கும். வளைந்தது சும்மா எகிறிக்கொண்டே இருக்காமல் ஷாக் அப்சார்பர் பிடித்து அமுக்கும். வளைந்து கொடுப்பது, பிடித்து அமுக்குவது இரண்டும் வாரியத்துக்குப் பழகிய வேலைகள் என்பதால் உறுப்பினர்களுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

தீர்மானம் வண்டிக்கொட்டகை வரைக்கும் வந்தபோது மெக்கானிக் சந்தோஷப்பட்டார். வாரியத்தின் தீர்மானத்தைக் கேட்டு ஒரு ஆள் மனசாரச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. கொட்டகையில் மெக்கானிக்கும் அவர்தான், ஓட்டுநரும் அவர்தான். இன்னொரு பதவியை நிரப்புவது பற்றித் தனியாக ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. அவர் பிறந்து வளர்ந்தது மேலே அந்தக் குடியிருப்பில். தங்கை இன்னும் அங்கேதான் இருந்தாள். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிரசவத்துக்கு அவளை இறக்கியதும் இதே வண்டியில்தான். எட்டாவது வளைவு தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அண்ணன். அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று அவருக்கு இன்றுவரைக்கும் இருக்கிறது. ஆகவே புதுப் பட்டை என்றதும் அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. இந்தத் தடவை அவளை ஒரு சொட்டுத் தண்ணீர் தளும்பாமல் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒரே ராத்திரியில் அரைப் பக்கத்தில் யோசனை எழுதிக் கொடுத்தார். பழைய அடுக்கில் ஆறு பட்டை இருந்தது, உழைத்து உழைத்து மறுபக்கம் வளைந்துவிட்டது. நல்ல எஃகில் புதிதாக ஆறு பட்டை, சக்கரத்துக்கு ஒன்றாக நீளமாக வேலை செய்கிற நாலு ஷாக் போதும் என்பது அதன் சாரம். குழு அதை நாலு அமர்வுகளில் விவாதித்தது. மெக்கானிக் சொன்ன ஆறையே ஏற்றுக்கொண்டால் உயர்மட்டக் குழு என்ன செய்தது என்று நாளைக்கு யாராவது கேட்டுவிட மாட்டார்களா? அதனால் உறுப்பினருக்கு ஒரு பட்டை வீதம் பரிந்துரை செய்தார்கள். ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது பட்டைகள். யார் மனமும் கோணக் கூடாதல்லவா?

ஒவ்வொரு பட்டையும் பரிந்துரைத்தவரின் பதவியோடு குறிப்பேட்டில் ஏறியது. இரண்டு முனையிலும் வளையம் வைத்த, எல்லாவற்றுக்கும் மேலான நீளப் பட்டை, தலைவர் பட்டை. அதற்கு அடுத்தது துணைத் தலைவர் பட்டை. இப்படியே இறங்கி, அடியில் இருந்த முழ நீளத் துண்டு, புதிதாகச் சேர்ந்த இளைய உறுப்பினருக்குப் போயிற்று. அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடிப் பட்டை இல்லாவிட்டால் மேலே இருப்பவை முறிந்துபோகும் என்று மெக்கானிக் எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். ஷாக்குக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் ஒரு முழு அமர்வு பிடித்தது. அதிர்ச்சியைத் தாங்குவதற்கு நீலம்தான் சாந்தமான நிறம் என்று முடிவாயிற்று.

பொருள்கள் வந்து சேர்ந்தபோது தங்கைக்கு ஏழாம் மாதம். ஒன்பது பட்டையைப் பார்த்ததும் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ஆனாலும் மனிதர் வேலையில் குறை வைக்கவில்லை. பட்டைகளுக்கு நடுவே கறுப்பு கிரீஸ் தடவி அடுக்கினார். பழைய துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். வளையங்களுக்குள் புது ரப்பர் புஷ் தட்டி ஏற்றினார். அடுக்கை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கடைசி முறுக்கு மட்டும் பாக்கி வைத்தார். வண்டி தரையில் நிற்க, வழக்கமாக எவ்வளவு பாரம் ஏறுமோ அவ்வளவு ஏற்றி வைத்துப் பட்டை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதற்கேற்ப ஷாக்கையும் திருகி வைத்துவிட்டுத்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இந்த வேலையில் உயிர்நாடி அதுதான்.

நர்ஸம்மா, மருந்துப் பெட்டி, ஸ்ட்ரெச்சர், அதில் ஒரு நோயாளி, துணைக்கு ஒரு ஆள். இதற்கு ஈடாக மண் மூட்டைகளைக் கட்டிப் பெஞ்சுகளில் வைத்திருந்தார். அந்தப் பாரத்துக்கு ஒன்பது பட்டை அதிகம்தான். அளந்து காட்டினால் குழுவே மூன்றைக் கழற்றச் சொல்லிவிடும் என்று நம்பினார். நம்பிக்கை நல்ல குணம். அந்த நேரத்தில் குழு சோதனைக்கு வந்து சேர்ந்தது.

தலைவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

“இது என்னய்யா?”

“பாரங்க. அளவு எடுக்கிறதுக்கு.”

“ஒரு உயர்மட்டக் குழு நேர்ல வந்து நிக்குது. மண்ணை வெச்சு அளக்கிறீங்க?”

மூட்டைகள் இறக்கப்பட்டன. ஒன்பது பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒல்லியானவர் என்று பெயரெடுத்தவரே தொண்ணூறு கிலோ. துணைத் தலைவர் ஏறியபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, பிறகு நிமிர்ந்தது. ஒன்பது பட்டையும் அழகாக வளைந்து உட்கார்ந்துகொண்டன. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, வழக்கமாகப் போகிறது நர்ஸம்மாவும் ஒரு பெட்டியும்தான், இந்த எடைக்கு வைத்தால் காலியாகப் போகும்போது வண்டி தூக்கிப் போடும் என்று பணிவாகச் சொன்னார். குழு ஏறி உட்கார்ந்த பிறகு அதைவிடக் குறைந்த பாரத்துக்கு அளவெடுப்பது குழுவைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்று தலைவர் அதைவிடப் பணிவாகச் சொன்னார்.

அளவு எடுக்கப்பட்டது. போல்ட்டுகள் முறுக்கப்பட்டன. எழுத்தர் சான்றிதழில் எழுதினார்: ‘அங்கீகரிக்கப்பட்ட பாரம்: உறுப்பினர்கள் ஒன்பது, பணியில் உள்ளபடி.’ யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் கம்பி சுற்றி, ஈயத்தில் வாரியத்தின் முத்திரையும் குத்தினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி முதல் பயணம் போய் வந்தது. மருந்துப் பெட்டியில் பாதி பாட்டில்கள் பொடி. நர்ஸம்மா நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். எதற்கும் அசையாத மனுஷி அவர். இருபது வருஷமாக அந்தப் பாதையில் போகிறவர். வண்டியிலிருந்து இறங்கி நேராகத் தலைவர் அறைக்குப் போனார்.

“நான் உக்காந்துக்கிட்டுப் போகலைங்க. பறந்துக்கிட்டுதான் போனேன்,” என்றார்.

தலைவர் உடனே எழுத்தரைக் கூப்பிட்டு, வண்டி பறப்பது போல் போவதாகப் பயனாளி ஒருவர் நேரில் வந்து பாராட்டியதைப் பதிவு செய்யச் சொன்னார்.

மெக்கானிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மூன்று பட்டையைக் கழற்ற அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். குழு அவரை அழைத்து, அன்பாகவே ஒரு கேள்வி கேட்டது.

“கழட்டலாம். யாரோட பட்டையைக் கழட்டுறது?”

மெக்கானிக் ஒன்பது முகங்களையும் பார்த்தார். ஒன்பது முகங்களும் அவரைப் பார்த்தன. இளைய உறுப்பினர் தம் அடிப் பட்டையை நினைத்து எச்சில் விழுங்கினார். நடுவில் உள்ளவை என்று மெக்கானிக் இழுத்தார். நடுவில் உள்ள மூன்று உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்தார்கள். விண்ணப்பம் அதோடு முடிந்தது.

அவர் விடுகிற ஆள் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த குடியிருப்புக்காரர்களில் ஒன்பது பேரை, மூட்டை முடிச்சுகளோடு, வழியில் ஏற்றிக்கொண்டார். என்ன ஆச்சரியம், வண்டி வெல்லப்பாகு மாதிரி இழைந்துகொண்டு போயிற்று. எட்டாவது வளைவில் நர்ஸம்மா கண்ணயர்ந்தே விட்டார். மெக்கானிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தன் வேலையில் பழுதில்லை, பாரம் இருந்தால் போதும் என்பது உறுதியாயிற்று. தங்கையை இறக்கும்போதும் இப்படியே செய்துவிடலாம் என்று முடிவு கட்டினார்.

விஷயம் மூன்றாம் நாள் குழுவுக்கு எட்டியது. ஒன்பது பொதுமக்கள் சேர்ந்தால் ஓர் உயர்மட்டக் குழுவுக்குச் சமம் என்று நிரூபிக்க முயன்ற குற்றத்துக்காக அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இன்னொரு முறை அங்கீகரிக்கப்படாத பாரம் ஏறினால் சாவி பறிக்கப்படும், வண்டி கொட்டகையை விட்டு நகராது என்றும் அதில் இருந்தது. அன்றிலிருந்து எழுத்தர் ‘பாரக் கண்காணிப்பாளராக’ நியமிக்கப்பட்டு ஒவ்வொரு பயணத்திலும் கூடவே வந்தார். ஈர்க்குச்சி மனிதர் அவர். பின்னால் உட்கார்ந்து, கூரைக்கும் பெஞ்சுக்குமாகப் போய் வந்தபடி, ‘பாரம் ஏதுமில்லை’ என்று எழுத முயன்றுகொண்டிருந்தார். குலுக்கலைக் குறிக்க அவரது படிவத்தில் கட்டம் கிடையாது.

எட்டாம் மாதம் முடிகிற சமயம் நர்ஸம்மா கொட்டகைக்கே வந்தார். மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டார்.

“உங்க தங்கச்சிக்கு நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு. வலி எடுக்கிற வரைக்கும் மேல விட்டுவைக்க முடியாது. இந்த வாரமே ஆஸ்பத்திரியில சேர்க்கணும்.”

“செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வந்துடலாங்க.”

“இந்த வண்டியிலயா? இப்ப இது போற போக்குல நான் அவளை ஏத்த விடமாட்டேன்.”

தூக்கிக்கொண்டு இறங்கலாமா என்று மெக்கானிக் கேட்டார். ஆறு மணி நேரம் ஆகும், நடுவழியில் ரத்தம் கண்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான் என்றார் நர்ஸம்மா. அவர் போன பிறகு மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஈய முத்திரைகள் வரிசையாகத் தொங்கின. ஒரு ஸ்பானர் போதும், பத்து நிமிஷ வேலை. ஆனால் முத்திரை உடைந்தால் வண்டி வாசலைத் தாண்டாது. சட்டப்படி இந்த வண்டியில் ஏறத் தகுதியுள்ள பாரம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

இருபது வருஷம் வண்டிகளோடு மல்லுக்கட்டியவருக்கு எங்கே கிரீஸ் வைக்க வேண்டும் என்று தெரியாதா? கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு மாடியேறினார். மேலே இருக்கிற ஜனங்கள், இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவர்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டுமென்று ஏங்குகிறார்கள் என்றார். ஒன்பது பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினால் அது எப்பேர்ப்பட்ட காட்சி என்றார். திரும்பும்போது ஒரு கர்ப்பிணியைக் குழுவே நேரில் அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அந்தப் புகைப்படம் ஆண்டறிக்கையின் அட்டைக்கே போகும் என்றார். வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பொய் அது. அதில் பொய்யில்லாத பகுதி புகைப்படம் மட்டும்தான்.

‘நேரடிக் கள ஆய்வு’ செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை மாலை துணைத் தலைவர் தமக்கு வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லி நழுவப் பார்த்தார். மெக்கானிக்குப் பகீரென்றது. மற்ற எவர் போனாலும் எப்படியாவது சமாளிக்கலாம். துணைத் தலைவர் ஒருவரே இரண்டு பேர். அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். நீங்கள் இல்லாமல் இந்தக் குழுவுக்குக் கனமே இல்லை என்று மனப்பூர்வமாகச் சொன்னார். அதில் அவர் கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. துணைத் தலைவர் நெகிழ்ந்துபோய் வரச் சம்மதித்தார்.

காலையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். சீனியாரிட்டிப்படி என்று உறுப்பினர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் இடது பக்கம் நானூற்றைம்பது கிலோ, வலது பக்கம் நானூற்றைம்பது. துணைத் தலைவர் சரியாகப் பின் அச்சுக்கு மேலே. எழுத்தர் வாசலில் நின்று ஒன்பது தலைகளை எண்ணி, சான்றிதழோடு ஒப்பிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான பாரம் என்று குறித்துக்கொண்டார்.

வண்டி ஏறியது. ஒன்பது பட்டையும் ஒன்பது கனவான்களுக்குக் கீழே வளைந்து, நிமிர்ந்து, மூச்சு விடுவது போல் வேலை செய்தன. முழங்கால் ஆழப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. தலைவர் கையிலிருந்த தேநீர் தளும்பவில்லை. உள்ளே ஜன்னல் சின்னது. யாரும் வெளியே பார்க்கவில்லை. அடுத்த ஆண்டுக் குழுவில் யார் யார் இருப்பது என்ற பேச்சு மும்முரமாக இருந்தது.

மேலே மாலையும் இல்லை, ஏங்குகிற ஜனங்களும் இல்லை. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மெக்கானிக்கும் நர்ஸம்மாவும் தங்கையைத் தாங்கலாக நடத்தி வந்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். புகைப்படம் எடுத்தாயிற்று. வேலை முடிந்ததென்று தலைவர் கீழே இறங்கிக் கொஞ்சம் காலாற நடந்து வரலாமா என்றார். மெக்கானிக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டார்.

தங்கை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். முன்னால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே இருந்த சின்னத் திறப்பு வழியாக அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இவங்கல்லாம் எதுக்கு வந்திருக்காங்க?”

“வெயிட்டுக்கும்மா. நீ கண்ணை மூடிப் படுத்துக்க.”

கீழே இறங்குவதுதான் கஷ்டம். முன்பக்கப் பட்டைகள் மேல் முழுப் பாரமும் சரியும். மெக்கானிக் முதல் கியரிலேயே, பிரேக்கில் கால் வைத்தும் வைக்காமலும், ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி தெரிந்துகொண்டு இறக்கினார். ஐந்தாவது வளைவில் இளைய உறுப்பினர் அவசரமாக ஒதுங்க வேண்டும் என்றார். ஒருவரும் இறங்கக் கூடாது என்று மெக்கானிக் போட்ட அதட்டலில் அவருக்கு அந்த அவசரமே மறந்துபோயிற்று. வாரியத்தின் வரலாற்றில் ஒரு மெக்கானிக் உயர்மட்டக் குழுவை அதட்டியது அதுதான் முதல் தடவை. எட்டாவது வளைவு வந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சக்கரம் இறங்கியது, பட்டை வளைந்தது, ஷாக் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு முனகல் சத்தமும் இல்லை. திறப்பு வழியாகப் பார்த்தார். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில் துணைத் தலைவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கதான் கொண்டு வந்து சேர்த்தீங்க என்றபோது, இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிப் போயிற்று. அந்த மனிதர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று வாய்விட்டு அழுதார். அப்புறம் கடைக்கு ஓடிப்போய் மிட்டாய் வாங்கி, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

எதிரில் வந்தவர்களில் எழுத்தரும் ஒருவர். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். கள ஆய்வு அறிக்கை. உறுப்பினர்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, ஓட்டுநர் சாட்சிக் கையெழுத்துத்தான் பாக்கி என்றார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘பயணத்தின்போது பாதையில் குலுக்கல் உணரப்பட்டதா?’ மெக்கானிக்குச் சிரிப்பு வந்தது. தம் வேலையைப் பற்றி இதுவரை யாரும் எழுத்தில் கேட்டதில்லை. ‘இல்லை’ என்று எழுதினார். மனசு கேட்கவில்லை. ‘ஒன்றுகூட இல்லை’ என்று சேர்த்து எழுதி, அடியில் கோடும் போட்டுக் கையெழுத்திட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கொட்டகைக்குப் போனபோது வண்டி இல்லை. குழுவினர் வேறு ஊர் மாநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட பாரம் அவர்கள்தான் என்பதால், இனி அவர்கள் பயணத்துக்கே வண்டியை ஒதுக்கிவிட்டார்களாம். வாசலில் நர்ஸம்மா மருந்துப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கையில் அறிக்கையின் நகல் ஒன்று இருந்தது. அதில் ஒரு பத்தியை நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்துக் காட்டினார்.

‘குழு முழுவதும் மேற்படிப் பாதையில் நேரில் சென்று திரும்பியதில், குறிப்பிடத்தக்க பள்ளம் எதுவும் இருப்பதாக உணர முடியவில்லை. இருபது வருட அனுபவமுள்ளவரும், அதே குடியிருப்பைச் சேர்ந்தவருமான ஓட்டுநரும் இதை எழுத்து மூலம் உறுதிப்படுத்துகிறார். ஆகவே பதினோரு ஆண்டுகளாக வரும் மனுக்கள் ஆதாரமற்றவை. பாதைக் கோப்பு நிரந்தரமாக மூடப்படுகிறது. பொதுமக்கள் சாதாரண வாகனங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.’

“மேல இன்னும் நாலு பேர் மாசமா இருக்காங்க,” என்றார் நர்ஸம்மா. “ஒருத்திக்கு அடுத்த வாரம் நாள் குறிச்சிருக்கு.”

மெக்கானிக் நகலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தாம் போட்ட அடிக்கோடு நகலில்கூட அழுத்தமாக விழுந்திருந்தது. நர்ஸம்மா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

ஆகவே, அதிர்வு ஒழிப்பு உயர்மட்டக் குழுவை யாரும் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். அந்த ஒன்பது பேருக்கும் பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததை எழுதி, நாணயமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே ஒவ்வொரு பள்ளமும் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பத்தாவது கையெழுத்து அவருடையது.